பல் ஆஸ்பத்திரிப் பச்சையில் ஒரு படுக்கையறை

அன்புள்ள அண்ணிக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். உட்கார்ந்து என்பதுகூடப் பொய். சமையலறை மேடையில் காகிதத்தை வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாகப் போனால் அது மேடையின் குற்றம். போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் பாதியில் சிரிக்க ஆரம்பிப்பீர்கள், நீங்கள் சிரித்தால் நான் அழ ஆரம்பிப்பேன், விஷயம் அங்கேயே நின்றுவிடும். காகிதம் என்றால் நீங்கள் அங்கே விழுந்து விழுந்து சிரித்தாலும் எனக்கு இங்கே கேட்காது.

நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். எல்லோரும் முழுசாக இருக்கிறோம் என்று எழுதினால் இன்னும் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. மாமாவுக்கு மட்டும் முழங்காலில் ஒரு சிராய்ப்பு. அது எப்படி வந்தது என்பது போகப் போகத் தெரியும்.

புது வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது, வீட்டு உள் அலங்காரமே உங்கள் தொழில் என்பதால், கூடத்துக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, குழந்தையின் அறைக்கு ஒன்று என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கிப் படங்கள் அனுப்பினீர்கள். எல்லாம் முடிந்திருக்கும் என்ற நம்பிக்கையில், வருகிற மாதம் முதல் வாரம் போட்டோக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து, அறை அறையாகப் படம் எடுத்து, உங்கள் புது ஆபீஸ் சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டப்போவதாகவும் சொன்னீர்கள். அண்ணி, கையெடுத்துக் கும்பிடுகிறேன், வராதீர்கள். கோபித்துக்கொண்டு இந்த இடத்தில் கடிதத்தை மடித்துவிடாதீர்கள். ஏன் என்று எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நீட்டி வாங்கிய பிரசவ விடுப்பும் முடிகிறது. அடுத்த மாதம் பிறந்ததும் மருந்துக் கம்பெனிப் பரிசோதனைக் கூடத்தில் என் பழைய மேஜைக்குத் திரும்பிப் போக வேண்டும். போக வேண்டும் என்று மட்டும் எழுதினால் கடமைக்காகப் போகிற மாதிரி இருக்கும். உண்மையில் எனக்குப் போக ஆசை, அண்ணி. கண்ணாடிக் குழாயில் ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே இருக்கிற ஒரு பொருளைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது! நான் போனால் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவது மாமா. பேரனைப் பார்த்துக்கொள்வதில் அவருக்கும் ஏக ஆர்வம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை என்று தவித்துக்கொண்டிருந்த மனிதர். ஆனால் குழந்தை பகலில் தூங்கினால்தானே அவரால் சமாளிக்க முடியும்? ராத்திரி எப்படியோ என் பக்கத்தில் படுத்துத் தூங்கிவிடுகிறான். பகலில் இந்த வீட்டுக்குள் கண்ணை மூடமாட்டேன் என்று சபதம் எடுத்திருக்கிறான். மத்தியானம் ஆனால் கண்ணைக் கசக்குவான், காதை இழுத்துக்கொள்வான், அப்புறம் விளக்கு வைக்கிற நேரம் வரை ஒரே அழுகை. அவனுக்கு நாங்கள் மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறோம். எதை நீட்டினாலும் புருவத்தை உயர்த்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதால் வந்த பெயர். மேனேஜர் தூங்கவில்லை என்றால் நான் வேலையை விட வேண்டியதுதான். இதுதான் என் கவலை, இது ஒன்றுதான் கவலை. கீழே நீங்கள் படிக்கப்போகிற கூத்து எல்லாம் இதிலிருந்து பிறந்ததுதான்.

முதலில் உங்கள் படத்திலிருந்துதான் ஆரம்பித்தோம், சத்தியமாக. குழந்தையின் அறைக்கு வெளிர் நீலச் சுவர், அதில் மிதக்கிற வெண்மேகம், மூலையில் ஒரு துணிக் கூடாரம், அதற்குள் நிம்மதியாகத் தூங்குகிற ஒரு குழந்தை. அது யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும். பெயிண்டரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். "மேகம்தானே மேடம், கண்ணை மூடிட்டுப் போடுவேன்" என்றார். அப்படித்தான் போட்டிருப்பார் போல. வேலை முடிந்ததும் மாமா வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுவரை நெடுநேரம் பார்த்தார்.

"காலிஃப்ளவர் அச்சு அசலா வந்திருக்கும்மா. ஆனா படுக்கிற ரூம்ல எதுக்கு?"

"மாமா, அது மேகம்."

"அப்படியா? அப்ப அந்த இலையெல்லாம்?"

"அது நிழல் மாமா."

மாமா இதை ரகசியமாகத்தான் கேட்டார். ஆனால் அவர் ரகசியம் பேசினால் எதிர்வீட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள். வாழ்நாள் முழுக்க இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தி ஊர்ப் பெயர் சொன்ன தொண்டை அது. பெயிண்டர் முகம் சுருங்கிப்போய் ஏணியை மடக்கினார். மேனேஜரோ கூடாரத்துக்குள் தவழ்ந்து போய், நடுக்கம்பைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்து, மொத்தக் கூடாரத்தையும் தன் தலையில் இறக்கிக்கொண்டு, உள்ளேயிருந்து சிரித்தான். தூங்கவில்லை.

இந்தச் சமயம் பார்த்து எனக்கு ஒரு கடைவாய்ப் பல் வலி. மாமா ஏதோ வேலையாக வெளியே போயிருந்ததால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே காத்திருக்கிற அறையில் மூன்று இரும்பு நாற்காலிகளை ஒன்றாகச் சேர்த்துத் திருகி வைத்திருப்பார்களே, அதில் உட்கார்ந்தேன். உள்ளே துளைக்கிற மிஷின் சத்தம், நடுநடுவே யாரோ "ஆ... ஆ..." என்று அலறுகிற சத்தம். குனிந்து பார்த்தால் மேனேஜர் வாயைத் திறந்துகொண்டு அசந்து தூங்குகிறான்! அண்ணி, பகலில் அவன் மூடிய கண்ணை நான் பார்த்து எத்தனை காலம்! எனக்குப் பின்னால் வந்தவர்களை எல்லாம் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று முன்னால் அனுப்பிக்கொண்டே இருந்தேன். நர்ஸ் வந்து தோளைத் தொட்டு, "பயமா இருக்காம்மா?" என்று கேட்டார். "ஆமா சிஸ்டர், முழிச்சுக்குவானோன்னு" என்றேன்.

பரிசோதனைக் கூடத்தில் எங்களுக்குச் சொல்லித்தருகிற முதல் பாடம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே விடு என்பது. படித்தவள் நான் அதை மறந்தேன் பாருங்கள். அந்த அறையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது என்று முடிவு கட்டிவிட்டேன். இவரிடம் சொன்னேன். இவர் நிலம் அளக்கிற ஆபீசில் இருப்பவர், எதையும் அளந்துவிட்டால் அது தன் கைக்குள் வந்துவிட்டது என்று நம்புகிற ஜாதி. "நல்ல யோசனை. உங்க அண்ணி எங்கேயோ இருக்கிற யாரோ குழந்தை தூங்குற ரூமை அனுப்பினாங்க. இது நம்ம பிள்ளையே செலக்ட் பண்ண ரூம்" என்றார். கேட்க எவ்வளவு நியாயமாக இருந்தது தெரியுமா!

பெயிண்டரை மறுபடி சமாதானப்படுத்திக் கூப்பிட்டேன்.

"என்ன பச்சை மேடம்? இலைப் பச்சையா, கிளிப் பச்சையா, பாசிப் பச்சையா?"

"பல் ஆஸ்பத்திரிப் பச்சை."

"அப்படி ஒண்ணு கார்டுல இல்லையே."

நேரில் காட்டிவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன். வரவேற்பில் இருந்த பெண், சுவரைப் பார்க்க வந்தவர் என்று சொன்னதைக் காதிலேயே வாங்காமல் ஒரு டோக்கனைக் கொடுத்து உட்கார வைத்தாள். பெயிண்டர் கார்டைச் சுவரோடு வைத்து ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது டாக்டரே வெளியே வந்து, "யாருக்குங்க வலி?" என்றார். பெயிண்டர் மரியாதைக்காரர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். "எனக்குத்தான் எப்பவாவது சில்லுன்னு குடிச்சா சுர்ருங்கும்" என்றார். கதவு மூடியது. திரும்பி வந்தபோது அவர் வாயில் பஞ்சு, கையில் ஒரு பொட்டலத்தில் இரண்டு பல். கட்டைவிரலை உயர்த்தி, பச்சை தெரிந்துவிட்டது என்று சைகை காட்டினார். அப்புறம் ஒரு வாரம் ஆளையே காணோம். அவர் மனைவி மட்டும் போன் பண்ணி, "பெயிண்டடிக்கக் கூப்பிட்டுப் பல்லைப் பிடுங்கி அனுப்புறீங்களே, நீங்க எல்லாம் யாரும்மா?" என்று கேட்டார்.

ஒருவழியாக மேகத்துக்கு மேல் பச்சை ஏறியது. காயலான் கடையிலிருந்து மூன்று பேர் உட்காருகிற இரும்பு நாற்காலி வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்ததே என்று ஒரு மீன் தொட்டியும் வாங்கினோம். எல்லாம் தயார். மேனேஜரைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கதவிடுக்கு வழியாக மூன்று பேரும் பார்த்தோம். அவன் மீனைப் பார்த்தான். மீன் அவனைப் பார்த்தது. மீன் கண்ணை மூடாது என்று எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், ஆனால் மீனைப் பார்த்து என் பிள்ளையும் மூடமாட்டான் என்று எந்தப் புத்தகத்தில் இருந்தது? சாயங்காலம் வரை இருவரும் ஒருவரையொருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, பச்சையில் இல்லை போலிருக்கிறது என்று இருந்தபோது இரண்டாவது இடம் கிடைத்தது. வேலையில் சேரச் சான்றிதழ்களுக்குப் பிரதி எடுக்க, இவனையும் தூக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். மிஷினில் காகிதம் சிக்கிக்கொண்டது. மெக்கானிக் வருகிற வரை உட்காருங்கள் என்று காகிதக் கட்டின் மேல் இடம் காட்டினார் கடைக்காரர். மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய கடை, நல்ல புழுக்கம் வேறு. மேனேஜர் என் தோளில் விழுந்து அப்படி ஒரு தூக்கம்! மெக்கானிக் வந்து மிஷினைச் சுத்தியலால் தட்டியும் எழுந்திருக்கவில்லை. எனக்கு மின்னல் அடித்தது: குழந்தைக்குப் பிடித்தது குறுகலான இடம்! வயிற்றுக்குள் இருந்த ஞாபகமாக இருக்கும் என்று இவரிடம் விளக்கினேன். இவர் உடனே, "எத்தனை அடி அகலம்?" என்றார்.

மறுநாள் ஆபீஸ் போகிற வழியில் இவர் டேப்பை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய் அளந்திருக்கிறார். அளக்கிற ஆபீஸ்காரர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப். தெருவே வெளியே வந்துவிட்டது. ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், கடைகளை இடிக்கப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி முன்பே இருந்ததாம். ஜெராக்ஸ் கடைக்காரர் வெலவெலத்துப்போய், "சார், எவ்வளவு வருது?" என்று கேட்டிருக்கிறார். இவர் டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரெண்டேகால் அடி" என்றிருக்கிறார்.

"ரெண்டேகாலா! அவ்வளவு போனா எனக்கு மிச்சம் என்ன சார் இருக்கும்?"

பக்கத்துத் தையல் கடைக்காரர் மிஷினை விட்டு எழுந்து ஓடிவந்தார். சைக்கிள் கடைக்காரர் சங்கத் தலைவருக்குப் போன் போட்டார். யாரோ ஒருவர் இவர் கையில் சோடாவைத் திணித்தார். இவருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்து, "ஐயோ, இல்லைங்க! என் பையன் தூங்குறதுக்காக அளக்கறேன்" என்றிருக்கிறார். தையல்காரர்தான் பேசினார்: "சார், பொய் சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. கொஞ்சம் நல்ல பொய்யா சொல்லுங்க." அன்று சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்தபோது சட்டைப் பையில் நான்கு மனுக்கள் இருந்தன.

ஆனாலும் அளவு கிடைத்துவிட்டதே! கூடத்தின் நடுவில் பீரோவையும் புத்தக அலமாரியையும் இழுத்துப் போட்டு, சுவருக்கும் அவற்றுக்கும் நடுவே சரியாக ரெண்டேகால் அடியில் ஒரு சந்து உண்டாக்கினோம். நீங்கள் கூடத்துக்கு அனுப்பிய படத்தில் பெரிய வெள்ளை வெளியில் ஒரே ஒரு பூச்சாடி தனியாக நிற்குமே, அந்தப் படத்தைப் பார்க்கவே எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. மாமா முழங்காலைப் பீரோ முனையில் இடித்துக்கொண்டது இங்கேதான். இருந்தாலும் அந்தச் சந்தில் அவருக்கு ஒரு உற்சாகம் வந்துவிட்டது. நாங்கள் இருவரும் குறுக்கே நின்றால் போதும், "உள்ள போ, உள்ள போ, வழியில நிக்காத, பின்னாடி எவ்வளவு இடம் இருக்கு!" என்று அவர் அறியாமலேயே குரல் கொடுத்துவிடுவார். மேனேஜர் அதைக் கேட்டுக் கைதட்டுவான். அங்கேயும் தூங்கவில்லை.

மூன்றாவது இடம் முடி வெட்டுகிற கடை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தபோது அங்கேயும் தூங்கிவிட்டான். இவர் முடியே வெட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "கண்ணாடி! முன்னாடியும் கண்ணாடி, பின்னாடியும் கண்ணாடி! அதுதான் விஷயம்!" என்று வீட்டுக்கு ஓடிவந்தார். இப்படியாக எங்கள் பெரிய படுக்கையறையின் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு ஆளுயரக் கண்ணாடிகள் ஏறின. மேனேஜர் உள்ளே தவழ்ந்து போனான். முன்னால் பார்த்தால் வரிசையாக ஒரு நூறு பிள்ளைகள், பின்னால் திரும்பினால் இன்னொரு நூறு. கூட்டாளிகள் கிடைத்த சந்தோஷத்தில் அவன் போட்ட கூச்சல் இருக்கிறதே! மாமா தன் பின்மண்டையை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்துவிட்டு, "பின்னாடி இவ்வளவு காலியா இருக்கு, ஒரு பய சொல்லலையே" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் அண்ணி, நான் உடைந்தேன். விடுப்பு கரைந்துகொண்டே வருகிறது, வீடு வீடாகவே இல்லை, பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிக்கொண்டது. நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்று கட்டிலின் மேல் உட்கார்ந்து அழுதேன். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் மெல்ல, "அழணும்னா கூடத்துச் சந்துல போய் அழலாம் வா. இங்க உன்னோட சேர்ந்து ஒரு நூறு பேர் அழறாங்க, என்னால ஒருத்தியைத்தான் சமாளிக்க முடியும்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்துக்கொண்டது. "வேலையை விடறதைப் பத்தி அப்புறம் பேசலாம். பின்னாடி ரூம் ஒண்ணு பாக்கி இருக்கில்ல, அதையும் பார்த்துடுவோம்" என்றார்.

பின்னறை என்றால், குடிவந்தபோது பிரிக்காமல் விட்ட அட்டைப்பெட்டிகள் கிடக்கிற சின்ன அறை. அதற்கு நீங்களும் படம் அனுப்பவில்லை, மேனேஜரும் யோசனை சொல்லவில்லை. போன சனிக்கிழமை அதற்கு ஏதாவது தோன்றுமா என்று நாங்கள் இருவரும் பெரிய பர்னிச்சர் கடை ஒன்றுக்குப் போனோம். போகும்போது, ஒரு ஒத்திகையாகவும் இருக்கட்டும் என்று முதல் தடவையாகக் குழந்தையை மாமாவிடம் விட்டுவிட்டுப் போனோம். நீங்கள் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரிக் கடைகளில் கூரையில்லாத அறைகளாக வரிசையாகப் போட்டு வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றிலும் கட்டில், மெத்தை, விளக்கு, யாரும் படிக்காத புத்தகம். நான் ஒவ்வொரு கட்டிலிலும் ஏறிக் குழந்தை மாதிரிக் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடை ஆள் இவரிடம், "மேடத்துக்கு உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டது காதில் விழுந்தது. இடையில் வீட்டுக்குப் போன் போட்டேன். மாமா எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. எதிர்வீட்டு அக்காவுக்குப் போட்டேன்.

"அக்கா, மாமா சத்தம் கேக்குதா?"

"அதாம்மா எனக்கும் ஒரு மாதிரியா இருக்கு. ரொம்ப நேரமா ஒரு சத்தமும் காணோம்."

மாமா இருக்கிற வீட்டில் சத்தமில்லை என்றால்! கட்டிலிலிருந்து குதித்தேன், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன், இவர் பின்னால் ஓடிவந்தார். வீட்டுக் கதவைத் திறந்தால் அப்படி ஒரு அமைதி. பச்சை அறையில் மீன் மட்டும் இருந்தது. சந்தில் பக்கவாட்டாகத் திரும்பி ஓடினேன், பீரோவில் இடித்துக்கொண்டேன். படுக்கையறையில் எட்டிப் பார்த்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நூறு பைத்தியக்காரிகள் என்னைப் பார்த்து அலறத் தயாராக நின்றார்கள். கடைசியில் பின்னறை.

சுருட்டி வைத்த பழைய மெத்தையின் மேல், அட்டைப்பெட்டிகளில் சாய்ந்துகொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். அவர் நெஞ்சில் கவிழ்ந்து, கன்னம் அமுங்கி, எச்சில் ஒழுக மேனேஜர் தூங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மாமா, ஓடுகிற பஸ்ஸில் ஏற வருகிறவனை நிறுத்துவது மாதிரி உள்ளங்கையை நீட்டினார். நான் அப்படியே நின்றேன். அப்புறம் அவர் பேசினார். அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யார் கண்டார்கள், காற்று பேசியது மாதிரி இருந்தது.

"போன் அடிச்சுது. கூடத்துல இருக்கு. எழுந்திருக்கலை."

"மாமா, என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலைம்மா. தூக்கிட்டு எல்லா ரூமுக்கும் போனேன், எங்கயும் பிடிக்கலை. இங்க வந்து உட்கார்ந்தேன். ரெண்டு கையிலயும் இவன், எழுந்திருக்க முடியலை. சும்மா உட்கார்ந்திருந்தேன்." அப்புறம் தன் காலைப் பார்த்துவிட்டு, "கால் மரத்துப்போய் ரொம்ப நேரம் ஆச்சு. வேற ஒரு அவசரமும் இருக்கு. ஆனா பரவாயில்லை, இவனே எழட்டும்" என்றார்.

இவர் பழக்க தோஷத்தில் பையிலிருந்து டேப்பை இழுத்து அறையை அளக்கப் போனார். நான் அதைப் பிடுங்கிப் பெட்டிக்குப் பின்னால் வீசினேன்.

அப்புறம் திங்கட்கிழமை மாமா கண்ணாடி அறையில் உட்கார்ந்தார், கண்ணாடிகளில் போர்வையைக்கூடப் போடவில்லை. தூங்கினான். மறுநாள் கூடத்துச் சந்தில். தூங்கினான். நேற்று மீனுக்கு முன்னாலேயே. மீன்தான் தனியாக விழித்துக்கொண்டிருந்தது. பல் ஆஸ்பத்திரியில் நான் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன், ஜெராக்ஸ் கடையில் மெக்கானிக்குக்காக உட்கார்ந்திருந்தேன், இவர் கத்திரிக்கோலுக்காக உட்கார்ந்திருந்தார், எழுந்து போக வழியில்லாமல். வீட்டிலோ அவனுக்குக் கண் சொருகுகிற நேரமாகப் பார்த்து நான் தொட்டிலில் போட்டுவிட்டுத் திரையை இழுத்துவிட ஓடுவேன், இவர் நாற்காலியை நகர்த்துவார், மூன்று பேரும் கதவிடுக்கில் நின்று மூச்சை விட்டுக்கொண்டிருப்போம். சுவரை மாற்றினோம், அகலத்தை மாற்றினோம், நாங்கள் ஓடுவதை மட்டும் நிறுத்தவே இல்லை. முதுகலைப் பட்டம் வாங்கியவள் இதைக் கண்டுபிடிக்க ஒரு மீன் தொட்டியும் ஒரு பெயிண்டரின் இரண்டு பல்லும் செலவாகியிருக்கின்றன.

ஆக, நான் வேலைக்குப் போகிறேன் அண்ணி! மேலதிகாரிக்கு எழுதிவிட்டேன், என் மேஜையில் இருந்த பெண் இடத்தைக் காலி செய்துகொண்டிருக்கிறாளாம். பயம் போகவில்லை, நாளைக்கே அவன் மனசு மாறலாம், ஆனால் ராத்திரி படுத்தால் இப்போது பயத்தோடு சேர்த்துக் கொஞ்சம் ஆசையும் வருகிறது. துணி அலமாரியில் ஆபீஸ் புடவைகளை முன்னால் எடுத்து வைத்துவிட்டேன்.

ஆனால் வீடு? அதை நீங்கள் போட்டோ எடுத்து ஆபீஸ் சுவரில் மாட்டினால் உங்களிடம் வருகிறவர்கள் அப்படியே திரும்பி ஓடிவிடுவார்கள். அதனால்தான் சொல்கிறேன், இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதமும் வேண்டாம். உங்கள் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. மேனேஜர் நடக்க ஆரம்பித்த பிறகு, ஒரு நேரத்துக்கு ஒரு அறையாக, உங்கள் யோசனைப்படியே செய்கிறோம். நாங்களே கூப்பிடுகிறோம், அப்போது கேமராவோடு வாருங்கள், அதுவரை பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், தங்கை புத்திசாலி என்று அவன் வெளியே சொல்லிக்கொண்டு திரிந்தால் அதைத் தடுக்க வேண்டாம். பிள்ளைகள் இருவருக்கும் முத்தம். இவர் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். மாமா உங்கள் எல்லோருக்கும் தன் ஆசியைச் சொல்லச் சொன்னார், மெல்லச் சொன்னதால் எனக்கே இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

உங்கள் அன்பு மறவாத,
நாத்தனார்

பி.கு.: மேலே நான் எழுதியிருப்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். கடிதத்தை உறையில் போடும்போது சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். நான் வேலையில் சேருகிற அதே வாரம் புதன்கிழமை மாமாவுக்குக் கண் ஆபரேஷன் என்று எப்போதோ தேதி கொடுத்திருக்கிறார்கள், அவரும் மறந்துவிட்டார், நாங்களும் மறந்துவிட்டோம். அப்புறம் சில நாளைக்கு அவர் குழந்தையைத் தூக்கக் கூடாதாம். இவருக்கு அந்த வாரம் வெளியூரில் அளவு வேலை. அதனால், அண்ணி, வாருங்கள். சொன்ன தேதிக்கே வாருங்கள். போட்டோக்காரர் வேண்டாம், கேமரா வேண்டாம், யோசனை எதுவும் வேண்டாம். நீங்கள் ஒரு இடத்தில் நிற்கமாட்டீர்கள் என்று அண்ணன் சொல்வான், எனக்கும் தெரியும். இருந்தாலும் இந்த வீட்டில் எந்த அறை பிடிக்கிறதோ அதில், குழந்தையை மேலே போட்டுக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் உட்கார உங்களால் முடியுமா? முடியும் முடியாது எதுவானாலும் சரி, சீக்கிரம் பதில் எழுதுங்கள்.